மருத்துவமனை ஊழியர்கள் சேர்ந்து 12 மணி நேர ரிலே ஓட்டம்: ட்யூட்டி லிஸ்ட்டை என்ன செய்வது?

இரவுப்பணி

இந்தப் பகுதியில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இப்போது கேட்க ஒரு விஷயம் வந்துவிட்டது. தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிப்ரவரி முதல் வாரம் ஒரு சனிக்கிழமை இரவு 7 மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு காலை 7 மணி வரை, அதாவது ஒரு நைட் ட்யூட்டி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும், ஊழியர்களே மாற்றி மாற்றி ஓடி நிதி திரட்டலாம் என்று ஹவுஸ் சர்ஜன் பையன்கள் கிளப்பிவிட்டார்கள். 10 பேர் அணி. மைதானம் கிடைத்துவிட்டது, 400 மீட்டர் மண் ஓடுபாதை.

பணம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம்தான். ஆனால் வாரத்துக்கு 2, 3 முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் மெஷினில். முடித்து எழுந்திருக்கும்போது பலருக்கு பிரஷர் இறங்கித் தலை சுற்றும், அந்த நிலையில் பஸ் ஏறுவது கஷ்டம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, சரி. ஆனால் பாதிப் பேர் வெளியூர், மப்ஸல் பஸ்ஸில்தான் வர வேண்டும், ஆண்களுக்கு எதிலும் டிக்கெட்தான், கூட வரும் ஆளுக்கு அன்றைய கூலி போச்சு. இதற்குப் பயந்து ஒரு முறை வராமல் விட்டவர்தான் இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு காஷுவாலிட்டியில் வந்து படுக்கிறார். அந்தப் போக்குவரத்துச் செலவுக்குத்தான் இந்தப் பணம்.

என் கேள்விகள்: ஓடிப் பழக்கமே இல்லாதவர்களை நாலு மாதத்தில் தயார் செய்ய முடியுமா? நைட் ட்யூட்டி பார்ப்பவர்கள் எப்போது பயிற்சி செய்வது? ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரிப்பதா, வேறு மாதிரியா? பெரிய தலைவலி, ட்யூட்டி லிஸ்ட். 10 பேரை ஒரே ராத்திரி வெளியே எடுத்தால் வார்டை யார் பார்ப்பது?

பாளை_ஓட்டம்

முதலில் பிரிப்பது பற்றி. ஒரு மணி நேரம் வேண்டவே வேண்டாம். புதிதாக ஓடுபவர் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு 9 மணி நேரம் உட்கார்ந்தால் கால் விறைத்துப்போகும், விடியற்காலை மறுபடி எழுப்பினால் நிற்கவே முடியாது. ஆளுக்கு 5 சுற்று, அதாவது 2 கிலோமீட்டர். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் 13 நிமிடம் சொச்சம் ஆகும். 10 பேர் சுற்றி உங்கள் முறை திரும்ப வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். 12 மணி நேரத்தில் ஒருவருக்கு 5 முறையோ 6 முறையோ வரும். முழுக்க இதே வேகம் பிடித்தால் 108 கிலோமீட்டர், 270 சுற்று. பிடிக்காது. மணிக்கு 7 என்று வைத்துக்கொள்ளுங்கள், 84 கிலோமீட்டர், அதுவே நல்ல கணக்கு. வெளியில் அறிவிக்கும்போது சின்ன எண்ணைச் சொல்லுங்கள், பையன்கள் பேச்சைக் கேட்டு 100 என்று போஸ்டர் அடித்துவிடாதீர்கள்.

ஓடுபாதையில் எப்போதும் இடதுபுறமாகவே வளைந்துகொண்டிருப்பதால் ஒரே பக்க முட்டியும் இடுப்பும் அடிவாங்கும். மைதானத்தில் நடக்கும் 12 மணி, 24 மணி ஓட்டங்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுவார்கள், நீங்களும் மாற்றுங்கள். கையில் கொடுக்கக் கட்டை வேண்டாம், வியர்வையில் வழுக்கும், ஒரு பட்டையைக் கையில் மாட்டி மாற்றிக்கொள்ளலாம். சுற்று எண்ண இரண்டு பேர், தூங்காத ஆட்களாகப் பார்த்து. அது நர்சுகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொட்டைமாடி

ஹவுஸ் சர்ஜன்களுக்குத் தூங்க நேரம் இருக்கிறது, ஓட நேரம் இருக்கிறது, இதெல்லாம் எந்தக் காலேஜ் என்று சொல்லுங்கள், என் மச்சினனைச் சேர்க்கிறேன்.

பழைய சங்கம்

நான் ஓட்டக்காரன் இல்லை, மருத்துவத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கேட்கிறேன் என்று கோபிக்கக் கூடாது சிஸ்டர். வார்டுகளில் பணியிடம் காலியாக இருக்கிறது, தொகுப்பூதியத்தில் எடுத்த பிள்ளைகள் நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள், இருக்கும் ஆட்கள் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார்கள். இதில் ராத்திரி முழுக்க ஓடி அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு நீங்கள் பணம் பிரிப்பதா? நாளைக்கு மேலே இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா, 'பார்த்தீர்களா, நம் ஊழியர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள்' என்று கைதட்டிவிட்டு அந்தக் கோப்பை மூடிவிடுவார்கள். நோயாளிக்குப் பயணப்படி கொடு என்று கேட்கும் மனுவுக்கு யாராவது கையெழுத்து வாங்கினீர்களா?

இன்னொன்று. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் முதல் வருடம் விருப்பம் என்பார்கள், இரண்டாம் வருடம் சர்க்குலர் வரும், மூன்றாம் வருடம் வராதவர் பெயரை எழுதுவார்கள். டி-ஷர்ட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். என் காலத்தில் கொடி நாள் வசூலுக்கே இலக்கு வைத்து வார்டு வார்டாகத் துரத்தியதைப் பார்த்தவன் நான்.

இரவுப்பணி

கோபம் எதுவும் இல்லை ஐயா. மனு போனது, பதில் வரவில்லை. பதில் வரும் வரைக்கும் திங்கள்கிழமை பேட்ச்சில் இருப்பவருக்கு ஆட்டோ காசு யார் கொடுப்பது என்பதுதான் என் பிரச்சினை. இப்போது நாங்களே பர்ஸில் இருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டாயம் பற்றிச் சொன்னது சரி, அதைக் குறித்துக்கொண்டேன்.

வடமராட்சியான்

பழைய சங்கம் ஐயாவுக்கு ஒரு விடயம். எங்கட பக்கம், இலங்கையில், 2011இல் தெற்கு முனையில் இருக்கிற தெய்வேந்திரமுனையில் தொடங்கி வடக்கில பருத்தித்துறை வரைக்கும் 670 கிலோமீற்றர் நடந்து நிதி சேர்த்தவை. 'ட்ரெயில்' என்று பெயர். அந்தக் காசு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுறதுக்குப் போனது. அதுவரைக்கும் யாழ்ப்பாணத்தில் புற்றுநோய் என்றால் அனேகமானவை கொழும்புக்கு, மஹரகமவுக்குப் போகவேணும். யுத்தம் முடிந்து இரண்டு வருசம், தெற்கில இருந்து ஆக்கள் நடந்து வடக்குக்கு வருகினம் என்றது அந்த நேரம் சின்ன விடயம் இல்லை. பிறகு 2016இல் திருப்பி, பருத்தித்துறையில் இருந்து தெற்குக்கு நடந்து காலி நகரத்துக் கராப்பிட்டிய வைத்தியசாலைக்குச் சேர்த்தவை.

அரசாங்கம் கட்டியிருக்க வேணும்தான். கட்டேல்லையே. தெல்லிப்பழையில் கட்டடம் எழும்பின பிறகு அதை நடத்துறது அரசாங்கம்தான், சம்பளமும் அதுதான் கொடுக்குது. ஒருக்கால் தொடங்கி வைத்தால் பொறுப்பு எடுக்காமல் இருக்க ஏலாது என்றும் ஒரு பக்கம் இருக்கு.

அதில ஒரு நல்ல விசயம், முழுத்தூரமும் நடந்தது கொஞ்சப் பேர்தான். மற்றவை ஒரு நாள், அரை நாள், தங்கட ஊருக்குள்ள வரேக்க சேர்ந்து நடந்து போட்டு விட்டுப் போனவை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்தவை. நீங்களும் 10 பேர் மட்டும் என்று வைக்காமல், ஒரு சுற்று மட்டும் நடக்க ஆசைப்படுகிற ஆளுக்கும் இடம் வையுங்கோ.

பழைய சங்கம்

தம்பி சொன்ன தெல்லிப்பழை விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன். ஆனால் கட்டடம் வேறு, ஆட்டோ காசு வேறு. கட்டடம் ஒருமுறை கட்டினால் நிற்கும், ஆட்டோ காசு மாதாமாதம் வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஓடுவார்களா?

காஷுவாலிட்டி

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எமர்ஜென்சி டாக்டர். இங்கே கோயம்புத்தூர் மாரத்தானே கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேஷனுக்காக நடப்பது, அதனால் ஒவ்வொரு வருடமும் எங்கள் ஊழியர்களை நான்தான் இழுத்துக்கொண்டு போகிறேன். அந்தப் பழக்கத்தில் நாலு விஷயம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வார்டில் நாள் முழுக்க நடக்கிறோமே, அது போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. நின்று நின்று பாதம் ஏற்கெனவே களைத்திருக்கிறது, அதன்மேல் ஓட்டத்தை வைக்கிறோம், அதனால்தான் நர்சுகளுக்குக் குதிகால் வலி முதலில் வரும். காலையில் கட்டிலில் இருந்து இறங்கி வைக்கும் முதல் அடி சுருக்கென்றால் அந்த வாரம் தூரத்தைக் குறையுங்கள், கெண்டைக்கால் தசையை இழுத்துவிடும் பயிற்சி செய்யுங்கள். முதல் மாதம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அவ்வளவுதான், வாரத்தில் மூன்று நாள். பிப்ரவரிக்குள் 2 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவது பெரும்பாலானவர்களுக்கு முடியும்.

நைட் முடித்துவிட்டு நேராக மைதானத்துக்குப் போகாதீர்கள். தூங்கி எழுந்து, அன்று மாலை அடுத்த ட்யூட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் மெதுவாக ஓடலாம், அல்லது நைட் ட்யூட்டி இருக்கும் நாட்களில் பயிற்சியை விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது. வேகமான பயிற்சி, நீளமான பயிற்சி எல்லாம் நைட் ஆஃப் கழிந்து இரண்டாம் நாள்.

அப்புறம் டைக்ளோ, அந்த வலி மருந்து. நம் ஆட்களிடம் இது ஒரு வியாதி. 'ஒரு ஊசி போட்டுக்கிட்டு ஓடிடுறேன் சார்' என்று யாராவது சொன்னால் அவரை அன்றைக்கு ஓடவிடாதீர்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் அல்ட்ரா ஓட்டக்காரர்களிடம் (மாரத்தானைவிட நீளமாக ஓடுபவர்கள்) இதே வகை வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் கொடுத்தும் போலி மாத்திரை கொடுத்தும் பார்த்து 2017-ல் வந்த ஆய்வில், ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு அறிகுறி தெரிந்தது, எடுக்காதவர்களில் 34. உடம்பு நீர் வற்றும் நேரத்தில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். டயாலிசிஸ் நோயாளிகளுக்காக ஓடும் அணியில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே கேலிக்கூத்து.

தண்ணீரும் அப்படித்தான். குடி குடி என்று விரட்டக் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிக்கும் கோட்டில் 488 பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு உயிருக்கு ஆபத்தான அளவு. முக்கியக் காரணம் ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்தது. மெதுவாக ஓடுபவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், குடிக்க நேரம் நிறைய கிடைக்கிறதே. தாகத்துக்குக் குடித்தால் போதும், உப்புப் போட்ட மோர், கஞ்சி எல்லாம் மேஜையில் வையுங்கள்.

பிப்ரவரி ராத்திரியில் வெயில் மயக்கம் வராது என்று நினைக்க வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் வரும். ஆள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ முதலில் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸ் அப்புறம். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஐஸ் மூட்டை. மீன் சந்தையில் சொல்லிவைத்தால் ஐஸ் கிடைக்கும்.

லேப்_அக்கா

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓட ஆரம்பிக்கும் முன்னால் பெண்கள் எல்லோரும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. மருத்துவமனையில் வேலை பார்த்தால் மட்டும் ரத்தம் ஊறிவிடுமா? தினமும் ஊருக்கே ஊசி குத்துவோம், நம் கையை நீட்ட மாட்டோம். 12-க்குக் கீழே இருந்தால் மருந்து ஆரம்பித்துவிட்டு நடையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். 9 வைத்துக்கொண்டு 'எனக்கு ஸ்டாமினா இல்லை' என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி

அக்கா, நேற்றே எங்கள் லேபில் நாலு பேர் கொடுத்தோம். யாருக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஆனால் இரும்பு மாத்திரை டப்பா ஸ்டாஃப் ரூம் மேஜைக்கு வந்துவிட்டது.

லீட்ஸ்வாசி

சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், இப்போது இங்கிலாந்தில் லீட்ஸில் நர்ஸ். இங்கே இது ஊறிப்போன விஷயம். பெரும்பாலான மருத்துவமனைகளுக்குத் தனியாக ஓர் அறக்கட்டளை இருக்கும், ஊழியர்கள் அதன் பெயரில் ஓடுவார்கள். வரி கட்டுபவர் ஒரு பவுண்டு கொடுத்தால் அரசு 25 பென்ஸ் மேலே சேர்த்துக் கொடுக்கும், அதனால் கணக்கு கச்சிதமாக இருந்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் ராப் பர்ரோ என்று ஒரு ரக்பி ஆட்டக்காரர், மோட்டார் நியூரான் நோய் வந்து உடம்பு செயலிழந்துபோனது. அவருடன் ஆடிய கெவின் சின்ஃபீல்ட் அவருக்காக 2020 டிசம்பரில் 7 நாளில் 7 மாரத்தான் ஓடினார், அடுத்த வருடம் லெஸ்டரில் இருந்து லீட்ஸ் வரைக்கும் 24 மணி நேரத்தில் 101 மைல். அதுவும் ஒரே மூச்சில் இல்லை, மணிக்கு 7 கிலோமீட்டர் ஓடிவிட்டு மிச்ச நிமிடங்களில் ஓய்வு, கூடவே ஒரு குழு. பாளை அண்ணன் சொன்ன அதே கணக்குதான். 2023 மே மாதம் லீட்ஸ் மாரத்தானில் பர்ரோவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே ஓடி, கடைசியில் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். அந்த நோய்க்கான சிகிச்சை மையம் ஒன்று இங்கே மருத்துவமனையில் கட்டுவதற்கு ஊரே பணம் கொடுத்தது. 2024-ல் பர்ரோ இறந்துவிட்டார்.

ஆனால் பழைய சங்கம் ஐயா சொன்ன கேள்வி இங்கேயும் உண்டு. ஊழியர்கள் ஓய்வறைக்கு சோபாவும் மைக்ரோவேவும் வாங்க ஏன் மக்களிடம் பிச்சை எடுக்க வேண்டும் என்று எங்கள் கேண்டீனில் தினமும் சண்டை. எங்கள் வார்டில் நாங்கள் வைத்த விதி என்னவென்றால், ஆளும் சம்பளமும் மருந்தும் நிதியில் வாங்கக் கூடாது. அது அரசு தர வேண்டியது, அதை வாங்க ஆரம்பித்தால் நிரந்தரமாக நம் தலையில் விழும்.

நானும் கொஞ்சம் பணம் அனுப்பலாம் என்று நினைக்கிறேன், எந்தக் கணக்குக்கு?

கணக்குப்பிள்ளை

எல்லோரும் நில்லுங்கள். யாரும் யாருடைய ஜிபேவுக்கும் ஒரு ரூபாய் அனுப்பக் கூடாது.

சிஸ்டர், நீங்கள் அரசு ஊழியர். அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் நிதி வசூலிக்க நன்னடத்தை விதிகளில் இடம் கிடையாது, அது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும். டீன் வழியாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பணம் மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கக் கணக்குக்குப் போகலாம், அல்லது ஏற்கெனவே பதிவு பெற்று 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்கும் அங்கீகாரம்) வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளைக்கு நேராகப் போகலாம். புதிதாக டிரஸ்ட் ஆரம்பிக்கிறோம் என்று பையன்கள் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒரே இரவு ஓடுவதற்கு ஆயுள் முழுக்க ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிவரும்.

80ஜி பற்றி: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கழிவு கிடைக்காது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் ரசீது சண்டை வராது.

லீட்ஸ் தம்பி அல்லது தங்கச்சி, உங்களிடம் இன்னும் இந்திய பாஸ்போர்ட் இருந்து, உங்கள் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டு இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது.

உங்கள் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறதே. கேப்டன் டாம் மூர், 2020 ஏப்ரலில் நூறு வயதைத் தொடும் முன்னால் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் 100 சுற்று நடந்து, 1,000 பவுண்டு கேட்ட இடத்தில் 3 கோடி பவுண்டுக்கு மேல் சேர்த்த தாத்தா. அந்தப் பணம் ஏற்கெனவே இருந்த ஒரு தேசிய அமைப்புக்கு நேராகப் போனது, அதில் எந்தக் குறையும் இல்லை. அவர் பெயரில் பின்னால் குடும்பத்தார் ஆரம்பித்த அறக்கட்டளை பற்றித்தான் 2024 நவம்பரில் அங்கே அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் கமிஷன் கடுமையாக அறிக்கை கொடுத்தது. கிழவர் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் பெயர் நாறியது. அதனால்தான் சொல்கிறேன், பழைய கணக்கு, பழைய ஆடிட்டர்.

லீட்ஸ்வாசி

தங்கச்சிதான். இந்திய பாஸ்போர்ட்தான். 🙂

மொட்டைமாடி

சென்னையிலும் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு மாரத்தான் என்று ஒன்று நடந்து, 73 ஆயிரத்துக்கு மேல் பதிவு, கின்னஸ் வேறு. பதிவுக் கட்டணம் முழுக்க சுகாதாரத் துறைக்குத்தான் கொடுத்தார்கள். அப்போது சுகாதார அமைச்சரே ஓட்டக்காரர். கட்சி எனக்கு ஆகாது, ஆனால் விபத்தில் கால் அடிபட்ட பிறகு ஓட ஆரம்பித்த மனிதர் என்ற வகையில் அந்த மா. சுப்பிரமணியன் மேல் ஒரு மரியாதை உண்டு. சிஸ்டர், அமைச்சரைக் கூப்பிட்டால் மைதானத்துக்கு லைட் இலவசம், ட்யூட்டி லிஸ்ட்டும் தானாகச் சரியாகிவிடும்.

பழைய சங்கம்

அமைச்சர் வந்தால் பந்தல், சால்வை, போட்டோ. நர்சுகள் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். ஓடுவதைவிட அதுதான் களைப்பு.

சரி, ட்யூட்டி லிஸ்ட்டுக்கு வருகிறேன், அதில்தான் எனக்கு அனுபவம். சிஸ்டர், உங்கள் 10 பேரில் யார் யார்?

இரவுப்பணி

ஹவுஸ் சர்ஜன் 4, டாக்டர் 2, நர்ஸ் 3, பிசியோ 1.

பழைய சங்கம்

எதிர்பார்த்தேன். தூய்மைப் பணியாளர் எங்கே? ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் எங்கே? செக்யூரிட்டி, சமையல், லிஃப்ட்? மருத்துவமனை அணி என்று பேனரில் போடுவீர்கள், ஆனால் பேனரைக் கட்டுவதற்கும் காலையில் மைதானத்தைக் கூட்டுவதற்கும் மட்டும் ஒப்பந்தப் பணியாளரைக் கூப்பிடுவீர்கள். அவர்களுக்கு ஒரு நாள் வராவிட்டால் கம்பெனியில் சம்பளம் வெட்டு, உங்களுக்கு சி.எல். அவர்களும் ஓட வேண்டும், ஓடும் நாளுக்கு சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்குங்கள். அது நடந்தால் நான் நிதி தருகிறேன், நடக்காவிட்டால் தர மாட்டேன்.

லிஸ்ட்டுக்கு வழி: ஒரே வார்டில் இருந்து இரண்டு பேரை எடுக்காதீர்கள். இரண்டு மாதம் முன்னால் நர்சிங் சூப்பிரண்டிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள், அந்த வாரம் முழுக்க அந்தப் பெயர்களுக்கு மார்னிங் மட்டும். ஓடிய மறுநாள், அதாவது ஞாயிற்றுக்கிழமை, கட்டாயம் ஆஃப். அதைச் சொந்த ஆஃபில் கழிக்கக் கூடாது. முக்கியமாக, யார் ஓடாமல் உங்களுக்காக அன்று ராத்திரி வார்டு பார்க்கிறார்களோ அவர்கள் பெயரும் அணியில் இருக்க வேண்டும். டி-ஷர்ட் அவர்களுக்கும்.

பாளை_ஓட்டம்

ஓட்டக்காரர் இல்லை என்று சொல்லிக்கொண்டு இந்த இழையிலேயே உருப்படியான திட்டத்தை ஐயா போட்டுவிட்டார்.

காஷுவாலிட்டி

வழிமொழிகிறேன். இன்னொன்று, அனஸ்தீசியா, மகப்பேறு டாக்டர்களை அணியில் வைத்தால் ஆன் கால் யார் என்பதை முன்பே தீர்மானியுங்கள். ரிலே நடுவில் போன் வந்தே தீரும்.

இரவுப்பணி

(பிப்ரவரியில் எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.)

ஓடி முடித்தோம். 216 சுற்று, 86 கிலோமீட்டர் சொச்சம். 80 என்றுதான் போஸ்டரில் போட்டிருந்தோம், அதனால் எல்லோருக்கும் மகிழ்ச்சி, பையன்களைத் தவிர.

அணி மாறியது. ஹவுஸ் சர்ஜன் 2, டாக்டர் 2, நர்ஸ் 3, ஸ்ட்ரெச்சர் அண்ணன் ஒருவர், தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், செக்யூரிட்டி ஒருவர். சம்பள வெட்டு விஷயத்தில் ஒப்பந்ததாரர் எழுதித் தரவில்லை, வாயால்தான் சொன்னார். கடைசியில் டீன் அந்த நாளை ட்யூட்டியாகவே காட்டச் சொல்லிவிட்டார், அதனால் பிடிக்கவில்லை. அக்காவுக்கு ஹீமோகுளோபின் 10.4 இருந்தது, அவரே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், லேப்_அக்கா சொன்னபடி மாத்திரையோடு நடை மட்டும். ஒவ்வொரு முறையும் 5 சுற்று நடந்தார், புடவையில்தான். அவர் முறை வந்தால் சராசரி வேகம் குறைகிறது என்று ஒரு பையன் முனகினான். நள்ளிரவு தாண்டி அந்தப் பையனுக்கே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, முதல் சுற்றுகளை நூறு மீட்டர் பந்தயம் மாதிரி ஓடியிருந்தான். அப்புறம் அவனும் நடைதான், அக்காவோடு பேசிக்கொண்டே.

வேகம் மாறாமல் கடைசி வரை ஓடியது ஸ்ட்ரெச்சர் அண்ணன் மட்டும்தான். காஷுவாலிட்டி டாக்டர் வார்டு நடை போதாது என்றார், உண்மைதான், ஆனால் இந்த அண்ணன் நாள் முழுக்க ஆளை வைத்துத் தள்ளுகிறாரே.

இரண்டு மணிக்கு மேல் அனஸ்தீசியா டாக்டருக்குப் போன் வந்தது. ஆன் கால் அவர் இல்லை, ஆனால் இரண்டு சிசேரியன் ஒன்றாக வந்துவிட்டது. நம்பர் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார். அவருடைய அடுத்த முறையை யார் ஓடுவது என்று கேட்டபோது, வெறும் வேடிக்கை பார்க்க வந்த ஒரு நோயாளியின் மகன் நான் ஓடவா என்றான். விதியெல்லாம் பார்க்கவில்லை, வடமராட்சி அண்ணன் சொன்னதை நினைத்துக்கொண்டு பட்டையைக் கொடுத்துவிட்டோம். ஐஸ் தொட்டி தேவைப்படவில்லை, மீதி ஐஸில் காலையில் நன்னாரி சர்பத். டைக்ளோ கேட்டவர் ஒருவர், கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு மைதானத்து நாய்கள் சேர்ந்து ஓட ஆரம்பித்தது தனிக் கதை.

வார்டு பார்த்தவர்கள் பெயரையும் பேனரில் போட்டோம். இடம் போதாமல் எழுத்து சின்னதாகிவிட்டது, அதற்கு இரண்டு பேர் கோபமாக இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

வரவு செலவு?

இரவுப்பணி

நலச் சங்கக் கணக்குக்கு நேராக வந்தது, எங்கள் கையில் ஒரு ரூபாயும் படவில்லை. டி-ஷர்ட், லைட் வாடகை, சாப்பாடு மூன்றும் ஒரு மருந்துக்கடைக்காரர் ஏற்றுக்கொண்டார், அதனால் நன்கொடையில் இருந்து எதுவும் போகவில்லை. வரவு, ரசீது எண்ணோடு டயாலிசிஸ் யூனிட் வாசலில் ஒட்டியிருக்கிறோம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்தவர்களில் பலர் இன்னும் தரவில்லை, பட்டியல் என்னிடம் இருக்கிறது, இங்கே சிலர் இருக்கிறீர்கள்.

மொட்டைமாடி

இன்று மாலை அனுப்புகிறேன் சிஸ்டர், இரண்டு நாளாக நெட் இல்லை.

பழைய சங்கம்

என் பங்கு போய்விட்டது, ரசீதும் வந்தது. ஆட்டோ காசு நோயாளி கைக்கு எப்படிப் போகிறது? மனு, அதற்கு நகல், சான்று என்று அலையவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.

இரவுப்பணி

அலைச்சல் இல்லை ஐயா. டயாலிசிஸ் ரெஜிஸ்டரிலேயே ஒரு பத்தி சேர்த்தோம். மெஷினில் இருந்து இறங்கும்போது டெக்னீஷியன் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றைக்கான பணத்தைக் கொடுத்துவிடுகிறார், வெளியூர் ஒரு தொகை, உள்ளூர் ஒரு தொகை. இப்போதைய கையிருப்பு ஜூலை வரைக்கும் வரும். அந்த ரெஜிஸ்டர் நகலை வைத்தே பயணப்படி கேட்டு மறுபடி மனு எழுதியிருக்கிறோம், எத்தனை பேர், எவ்வளவு தூரம், மாதம் எவ்வளவு என்று இந்த முறை கணக்கோடு. வரைவை உங்களுக்குத் தனிமடலில் அனுப்பட்டுமா?

பழைய சங்கம்

அனுப்புங்கள். யாருக்கு முகவரி இடுவது என்பதில்தான் பாதி மனுக்கள் தொலைகின்றன, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.